இடது கார்னர்

ஜூன் 14

பள்ளி திறந்த வாரம். கோடைமழைக்கு மைதானம் முழுக்கப் புல்லும் பூண்டும் முளைத்துக் கிடந்தது. வெட்ட ஆள் வரவில்லை. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பிடுங்கினோம். கபடிக் குழுவில் போன வருடம் ஆடியவர்களில் பாதிப் பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இருப்பவர்களை வைத்து ஓர் அணி தேறாது.

சாயங்காலம் காரப்பாளையம் போய் சங்கவியின் அம்மாவைப் பார்த்தேன். சங்கவி பத்தாம் வகுப்பு. போன வருட விளையாட்டு விழா ஓட்டத்தில் பார்த்ததிலிருந்து அவள்மேல் எனக்குக் கண். தரையை விட்டுக் கிளம்பும் வேகம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. அப்பா போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார். அம்மா வசந்தாமணிக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை.

"ஓடறதுன்னா ஓடட்டுமுங்க டீச்சர். இது ஒருத்திமேல ஒருத்தி உழுந்து பொரள்றதுங்க. கை காலு போச்சுன்னா நாளைக்கு யாரு கட்டிக்குவா? அதுமில்லாம பத்தாவதுங்க."

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மாநில அளவில் ஆடினால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு, சாப்பாடு, அப்புறம் போலீஸ் வேலைக்கு முன்னுரிமை.

"நானே கபடி ஆடித்தானுங்க இந்த வேலைக்கு வந்தேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு, பாருங்க" என்றேன்.

வசந்தாமணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றாள். ஆனால் சரி என்று சொல்லிவிடுவாள். முகத்தில் தெரிந்தது.

திரும்பும்போது பிரிவில் இடது பக்கம் திரும்பாமல் நேரே போய்விட்டேன். கல்லுக்குழி வந்த பிறகுதான் தெரிந்தது. பல வருடமாகப் போகும் ரோடு. பேசியதையே நினைத்துக்கொண்டு ஓட்டியதால் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன்.

ஜூன் 17

சங்கவி வந்தாள்.

ஜூலை 6

சங்கவியை ரெய்டு போக வைத்துப் பார்த்தேன், நடுவில் நிறுத்திப் பார்த்தேன். இன்று இடது கார்னரில் நிறுத்தினேன். ஓரத்தில் குனிந்து நின்று, ரெய்டு வருகிறவள் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டும் நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கும் இடம். முகம் எதிராளியின் முட்டிக்கு நேராகப் போகும். பயந்தவள் கண்ணை மூடுவாள், பிடி நழுவும். சங்கவி கண்ணைத் திறந்துகொண்டே பாய்கிறாள். மூன்று தடவையும் மோனிஷாவைச் சாய்த்தாள். மோனிஷாதான் எங்கள் ரெய்டர், குழுவில் கனமானவள்.

"டீச்சர், நீங்க எந்த எடத்துல ஆடுனீங்க?" என்று சங்கவி கேட்டாள். இதே இடம்தான் என்றேன். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இரவுச் சாப்பாட்டில் மகள் நித்திலா பேச்சை ஆரம்பித்தாள். அவள் ஒன்பதாம் வகுப்பு, தாராபுரம் ரோட்டில் உள்ள தனியார் பள்ளி. அங்கே இந்த வருடம் பெண்களுக்குக் கபடி ஆரம்பிக்கிறார்களாம்.

"பேர் குடுக்கட்டுமா?"

"ஷட்டில் ஆடறயல்ல, அது போதும்."

"ஊரெல்லாம் போய்ப் புள்ளைகளக் கபடிக்குக் கூப்பிடற. நான் மட்டும் ஷட்டிலா?"

வேண்டாம் என்றேன். சுந்தரம் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் மின்வாரியத்தில் இருக்கிறார், வீட்டிலும் எந்த ஒயரைத் தொடக்கூடாது என்று தெரிந்த மனிதர்.

ஜூலை 8

கேஸ் சிலிண்டர் வந்தது. நீகேப் எல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். மதியம் தலைவலி. ஆசிரியர் அறையில் டியூப் லைட்டை அணைக்கச் சொன்னால் கணக்கு டீச்சர் முகம் சுளிக்கிறார். வெயிலில் நிற்கிறவர்களுக்குத்தான் இந்தக் கண் கூச்சம் தெரியும்.

ஜூலை 23

காலை வழிபாட்டில் "தயார்" சொல்லிவிட்டு அடுத்த கட்டளை வரவில்லை. பிள்ளைகள் விறைப்பாக நின்றுகொண்டே இருந்தார்கள். மோனிஷா முன்வரிசையிலிருந்து மெதுவாக "டீச்சர், இயல்பு நிலை" என்றாள். நேற்று சரியாகத் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 9

குறுவட்டப் போட்டியில் வென்றோம். இறுதி ஆட்டத்தில் சங்கவி மட்டும் ஏழு பிடி. எதிரணிப் பயிற்சியாளர் அவள் எந்த ஊர் என்று வந்து கேட்டார். எங்கள் செங்காட்டுப்புதூர் பெண்கள் பள்ளி மாவட்டப் போட்டிக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. தலைமையாசிரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

வேனில் வரும்போது வசந்தாமணிக்குப் போன் செய்து கொடுத்தேன். சங்கவி "அம்மா, செயிச்சுட்டோம்" என்று ஒருமுறைதான் சொன்னாள். அந்தப் பக்கம் மில் சத்தத்தில் கேட்டிருக்காது. திரும்ப வேனே அதிரக் கத்தினாள்.

முதலுதவிப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

செப்டம்பர் 21

சனிக்கிழமைப் பயிற்சி. நெட் கட்டும் கயிறு வாங்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், இடது கார்னரில் நித்திலா நிற்கிறாள். சங்கவியின் நீகேப்பைப் போட்டிருக்கிறாள். ஷட்டில் வகுப்புக்குப் போகிறேன் என்று சைக்கிளில் கிளம்பியவள் இங்கே வந்திருக்கிறாள். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் மோனிஷா ரெய்டு வந்தாள். நித்திலா பாய்ந்தாள். பிடி சரியான பிடி. தலையை வெளிப்பக்கம் வைத்து, தோளைக் கொடுத்துச் சாய்த்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லார் முன்னிலையிலும் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை. சத்தம் அதிகமாகத்தான் போய்விட்டது. பக்கத்து டெய்லர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நித்திலா போன பிறகு சங்கவி வந்து, "டீச்சர், நல்லாப் புடிக்கறா" என்றாள்.

"நீ போய் உன் எடத்துல நில்லு."

நித்திலா இரண்டு நாளாகப் பேசவில்லை என்று இங்கே எழுத வந்தேன். இன்று காலையில் நடந்ததுதான். இரண்டு நாள் ஆகவில்லை.

செப்டம்பர் 29

பருப்புக் குக்கர் தீய்ந்துவிட்டது. விசிலை எண்ணாமல் இருந்துவிட்டேன். சுந்தரம் வாங்கிவந்த புளிசாதத்தை மூவரும் சாப்பிட்டோம். நித்திலா அவரிடம் மட்டும் பேசுகிறாள்.

அக்டோபர் 19

சாயங்காலப் பயிற்சியில் சங்கவிக்கு அடி. எப்போதும் போலப் பாய்ந்தாள். மோனிஷா அந்த நொடியில் காலை மடக்கினாள். முட்டி சங்கவியின் காதுக்கு மேலே பட்டது. பெரிய சத்தம் இல்லை. சங்கவி தானே எழுந்து, தூசியைத் தட்டி, மோனிஷாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எதிரணிப் பக்கம் போய்க் குனிந்து நின்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் விசில் அடித்து நிறுத்தினேன்.

"சங்கவி, இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன் டீச்சர்." இன்று சனி.

"இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்ட்ட?"

யோசித்தாள். அந்த யோசனை எனக்குத் தெரியும். நினைவில் இல்லாததைத் தேடுகிற முகம் அல்ல அது. தேடுவதாகக் காட்டிக்கொள்கிற முகம்.

ஸ்கூட்டரில் ஏற்றி, மோனிஷாவைப் பின்னால் பிடித்து உட்காரச் சொல்லி, தாராபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழியில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். ஸ்கேனில் இரத்தக் கசிவு எதுவும் இல்லை. டாக்டர் சின்ன வயதுப் பெண். கன்கஷன், மூளை குலுங்கியிருக்கிறது என்றார். மூன்று வாரம் ஆடக்கூடாது, போன் பார்க்கக்கூடாது, மறுபடி காட்டிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது பட்டால் உயிருக்கே ஆபத்து என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உடனே கூட்டிட்டு வந்தது நல்லது டீச்சர். பெரும்பாலும் மூஞ்சில தண்ணி தெளிச்சுத் திரும்ப ஆட விட்ருவாங்க. ஸ்கேன்ல தெரியாததையெல்லாம் நீங்க கேள்வி கேட்டே புடிச்சிருக்கீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"பி.பி.எட்.ல சொல்லிக் கொடுத்தாங்க" என்றேன்.

அப்படி ஒரு பாடம் இருந்ததாக நினைவில்லை.

"நீங்களும் ப்ளேயரா? உங்களுக்கு இப்படிப் பட்டிருக்கா?"

"அதெல்லாம் யாரு கணக்கு வெச்சா" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வசந்தாமணி மில் சீருடையோடு வந்து சேர்ந்தாள். மகளின் தலையைத் தடவிப் பார்த்து, வீக்கம் பெரிதாக இல்லை என்றதும் மூச்சு விட்டாள்.

அக்டோபர் 27

சங்கவி பயிற்சிக்கு வந்து மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிறாள். தலைவலி இல்லையாம், தூக்கம் நன்றாக வருகிறதாம். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்.

மாவட்ட இறுதி ஐந்தாம் தேதி என்று தகவல் வந்துவிட்டது. மூன்று வாரம் ஒன்பதாம் தேதிதான் முடிகிறது.

அக்டோபர் 30

சங்கவியின் அப்பா போன் செய்தார். பின்னால் போர் போடும் சத்தம்.

"டீச்சருங்களா, வணக்கமுங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்லீன்னு ஸ்கேன்ல வந்துருச்சாமா. மாவட்டத்துல செயிச்சாத்தான் ஸ்டேட்டுங்களாமா. அந்தச் சர்டிபிகேட்டு இருந்தா ஹாஸ்டல்ல எடம் உறுதின்னு நீங்கதான் சொன்னீங்களாமா. நாலு நாளுக்குப் பாத்து உட்றாதீங்க டீச்சர்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருங்க எப்பவுமே கூட்டித்தானுங்க சொல்லுவாங்க" என்றார். சத்தம் அதிகமாகி லைன் போய்விட்டது.

மதியம் தலைமையாசிரியை அழைத்தார். "ரிப்போர்ட்ல நார்மல்னுதானே இருக்கு கோகிலா? பெத்தவங்களே சம்மதிக்கறப்ப நாம எதுக்குத் தடுக்கணும்?" என்றார்.

பன்னிரண்டு பேர் பட்டியலில் சங்கவியின் பெயரையும் சேர்த்தேன். மாற்று ஆட்டக்காரர்களில் கடைசியாக. பெயர் மட்டும்தான்.

நவம்பர் 5

மாவட்ட இறுதி. தோற்றோம்.

நவம்பர் 6

நேற்று எழுத முடியவில்லை. தலைவலி.

முதல் பாதியில் நாங்கள் முன்னால் இருந்தோம். இடது கார்னரில் நிறுத்திய பெண் எட்டாம் வகுப்பு, பாவம், மண்ணை விட்டு ரப்பர் விரிப்பில் ஆடுவதே அவளுக்கு முதல் தடவை. எதிரணி அதைக் கண்டுபிடித்து எல்லா ரெய்டையும் அந்தப் பக்கமே விட்டார்கள். இரண்டாம் பாதியின் கடைசிக் கட்டத்தில் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம்.

சங்கவி காலையிலிருந்தே நீகேப்பைக் கழற்றவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர்."

"உக்காரு."

"ஒரே ரெய்டு டீச்சர். அவ வலது கால்தான் நீட்டறா, பாத்துட்டே இருக்கறேன். ப்ளீஸ் டீச்சர்."

மேலே கேலரியில் வசந்தாமணி எழுந்து நிற்பது தெரிந்தது. மில்லில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். உள்ளே விடச் சொல்லிக் கையால் காட்டினாள்.

மாற்று ஆட்டக்காரருக்காக நான் கை தூக்கியது உண்மை. நடுவர் என்னைப் பார்த்தார். சங்கவி கோட்டுக்கு ஓடிவிட்டாள். அங்கே குனிந்து, உள்ளே போகத் தயாராக விரிப்பைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் தலை தெரிந்தது. இரட்டைச் சடை, நடுவில் நேர் வகிடு.

கையை இறக்கிவிட்டேன். "வா, உக்காரு" என்றேன். வரவில்லை. போய்த் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அதற்குள் அவர்கள் இன்னொரு புள்ளி எடுத்துவிட்டார்கள்.

வேனை விட்டு இறங்கும்போது மோனிஷா மட்டும், "போய்ட்டு வர்றோம் டீச்சர்" என்றாள்.

நவம்பர் 8

வசந்தாமணி ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வந்துவிட்டாள். முடியில் பஞ்சு. கோடு போடப் பிள்ளைகள் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டேன்.

"டீச்சருங்க, எங்கூட்டுக்கு வந்து புள்ளையக் கேட்டது நீங்கதானுங்களே? நான் வேண்டாமுன்னேன். நீங்க எத்தன சொன்னீங்க. இப்ப நான் ஆடட்டுமுங்கறேன், நீங்க உக்கார வெச்சுப்போட்டீங்க."

"மூணு வாரம் முடியலீங்க."

"நாலு நாளு. நாலு நாளுக்காக எம்புள்ளையோட ஒரு வருசத்தையே வாரிக் கொட்டிட்டீங்களே. கடைசில கொஞ்ச நேரம் உட்டிருந்தா என்னாயிருக்குமுங்க?"

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்."

"அப்பறம்?"

சுண்ணாம்பு வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தேன். வசந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் குறைந்து வேறு ஏதோ யோசிக்கிற மாதிரி இருந்தது.

"உங்க புள்ள ஒரு நாள் இங்க வந்து ஆடுச்சாமா. நீங்க தரதரன்னு இழுத்து வெளிய உட்டீங்களாமா. சங்கவி வந்து சொன்னா. நல்லா ஆடுதாமா அந்தப் புள்ள. எதுக்குங்க டீச்சர் உடல?"

"அவளுக்கு முட்டி சரியில்லீங்க."

நித்திலாவின் முட்டிக்கு ஒன்றும் இல்லை. வசந்தாமணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "சரிங்க" என்று சொல்லி, கேட் வரை போனவள் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 20

சங்கவி பயிற்சிக்கு வரவில்லை. மறு பரிசோதனைக்கும் போகவில்லை என்று மோனிஷா சொன்னாள். வகுப்பறைப் பக்கம் போகும்போது பார்த்தேன். என்னைக் கண்டதும் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 12

அரையாண்டுத் தேர்வு. கண்காணிப்புப் பணி. மழை.

டிசம்பர் 19

மாடித் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரரின் காயப்போட்ட மிளகாய் முழுக்க நனைந்துவிட்டது. மோட்டார் போட்டது நான்தானாம். நித்திலா போய் மன்னிப்புக் கேட்டு, கூடவே உட்கார்ந்து மிளகாயைத் துணியில் பரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். "போட்டால் சமையலறை மணியைத் திருப்பி வை." பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போல. கிழித்துப் போடலாம் என்று கையை வைத்தேன். விட்டுவிட்டேன்.

ஜனவரி 20

பொங்கல் விடுமுறை முடிந்தது. காரப்பாளையம் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சங்கவி அரையாண்டில் மூன்று பாடத்தில் தேறவில்லை என்று வகுப்பாசிரியை சொன்னார். போன வருடம் முதல் பத்துக்குள் வந்தவள்.

வசந்தாமணி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள். சங்கவி வீட்டில் இல்லை.

"நானே வரலாமுன்னு இருந்தனுங்க" என்றாள். "டீச்சர், அவ மறைச்சுப்போட்டாளுங்க. அடி பட்டதுல இருந்தே தலவலி உடலயாமா. போர்டுல எழுத்து ரண்டு ரண்டாத் தெரிஞ்சிருக்குது. பரீச்சை அன்னிக்குப் படிச்சதெல்லாம் வரலீன்னு வீட்டுக்கு வந்து அழுதா. அப்பத்தான் சொன்னா. உங்ககிட்டயும் சொல்லல, எங்கிட்டயும் சொல்லல. நாங்க உட மாட்டோமுன்னு."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"நானு அங்க கேலரில நின்னுட்டு உள்ள உடு, உள்ள உடுன்னு கையக் காட்டுனனுங்க." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "நீங்க உட்டிருந்தா?"

"இப்ப எப்படி இருக்கா?"

"அதே டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனனுங்க. இந்த மாசம் பரவால்ல. தலவலி நின்னு போச்சு. மாசக் கடைசில ஒருக்காப் பாத்துட்டு, அப்பறம் ஆடலாமுன்னு சொன்னாங்க." ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "டீச்சருங்க, உடலாமுங்களா? நீங்க சொல்லுங்க. உங்க புள்ளையா இருந்தா உடுவீங்களா?"

பத்தொன்பது வருடமாக எத்தனை வீட்டு வாசலில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இன்று, "எனக்குத் தெரியலீங்க" என்றேன். உண்மையில் அதுதான் பதில்.

"சரிங்க. நானே யோசிக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

சங்கவி மைதானத்துக்கு வந்தாள். வசந்தாமணியும் கூட வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினாள்.

"ஆடட்டுமுங்க. நேத்து மில்லுல ஒரு புள்ளைக்கு வெரலு போச்சுங்க, இவளவிட ரண்டு வயசுதான் மூப்பு. பத்தாவது முடிச்சா இவளும் அங்கதான் வருவா. அடிபடாத எடமுன்னு ஒண்ணு என்ற கண்ணுக்குத் தெரியலீங்க. இதுன்னா அவளுக்குப் புடிச்சிருக்குதுங்க."

கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி ஆரம்பித்தேன். பிடி பயிற்சி இந்த மாதம் கிடையாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இனிமேல் தலையில் தட்டினாலே அன்று ஆட்டம் முடிந்தது, யாராக இருந்தாலும். மோனிஷா, "டீச்சர், அப்ப யாருமே ஆட முடியாது" என்றாள். அப்படியானால் ஆட வேண்டாம் என்றேன்.

மே 11

விளையாட்டு விடுதித் தேர்வு, திருச்சி. மாநிலச் சான்றிதழ் இல்லாததால் சங்கவி பொதுத் தேர்வு வரிசையில் நின்றாள். வெயில். காலையில் போனவர்களைச் சாயங்காலம்தான் கூப்பிட்டார்கள். ஆறு பேர் ரெய்டு வந்ததில் நான்கு பேரைப் பிடித்தாள். இரண்டு தடவை பிடிக்கப் போய், தலை உள்ளே மாட்டும் என்று தெரிந்ததும் விட்டு விலகினாள். தேர்வாளர் ஒருவர் அதைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

மே 24

சங்கவிக்கு இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்பும் தேறிவிட்டாள், தமிழில் நல்ல மதிப்பெண்.

ஜூன் 9

சங்கவியை அனுப்பப் பேருந்து நிலையம் போயிருந்தேன். நித்திலாவும் வருவேன் என்றாள். இரண்டு பேரும் எப்போது சிநேகம் ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. நித்திலாதான் அவளுடைய பெரிய பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

திருச்சி பஸ் வர நேரம் இருந்தது. வசந்தாமணி முறுக்குப் பொட்டலம், தலைக்கு எண்ணெய், எல்லாவற்றையும் மறுபடி பார்த்துக் கட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"டீச்சருங்க, அங்க நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க. தலையில பட்டுச்சுன்னா என்னென்ன பாக்கோணும்னு இவகிட்ட ஒருக்காச் சொல்லிப்போடுங்க. போன தடவ மாதிரி மறைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

சங்கவியைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"வாந்தி, மயக்கம் உடனே தெரிஞ்சுரும். அத யாராவது பாத்துருவாங்க. மெதுவா வர்றதும் இருக்கு. டியூப் லைட்டப் பாத்தாக் கண்ணு கூசும். தெரிஞ்ச புள்ள பேரு வாயில வராது. தினமும் சொல்ற வார்த்தை ஒரு நாள் வராம நிக்கும். பழகுன ரோட்டுல போயிட்டே, எங்க திரும்பணும்னு விட்டுருவ. அடுப்புல வெச்சது, குழாயத் தொறந்தது மறந்துரும். சின்ன விஷயத்துக்குக் கத்திருவ. அப்பறம் எதுக்குக் கத்துனேன்னு உனக்கே தெரியாது. யாராவது கேக்கறதுக்குள்ள ஒரு காரணம் ரெடியா வெச்சிருப்ப. வெயில்னு சொல்லுவ. தூங்கலைன்னு சொல்லுவ. அப்படி நீயே காரணம் சொல்ல ஆரம்பிச்சீன்னா, அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லிரு. என்ன?"

"சரிங்க டீச்சர்."

சங்கவி தலையை ஆட்டினாள். அவள் கண் பஸ் வரும் திசையில் இருந்தது. வசந்தாமணி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நித்திலா பையைத் தரையில் வைத்துவிட்டாள்.

"அம்மா."

"என்ன?"

"உனக்கு எப்ப இருந்து?"

பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. வந்திருந்தால் அந்த அவசரத்தில் பேச்சு மாறியிருக்கும்.

"காலேஜ்ல ரெண்டு தடவ. வேலைக்கு வந்தப்பறம் ஆசிரியர் போட்டில ஒரு தடவ, நீ கைக்கொழந்த. மயங்கி விழுந்தேன்" என்றேன்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"தண்ணி தெளிச்சாங்க. எந்திரிச்சு ஆடுனேன்."

"அதனாலதான் என்னை விடலயா?"

"ம்."

"என்கிட்ட ஏன்னு சொல்லல. ஆனா சங்கவிய மட்டும் விட்ட."

அவள் சத்தமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் பூ விற்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு பாருங்க என்றேன்.

வசந்தாமணி நித்திலாவின் தோளில் கை வைத்தாள்.

"அவள உட்டது நானு, கண்ணு. மொதல்லயும் நாந்தான், இப்பவும் நாந்தான். டீச்சர் கேட்டாங்க. வேண்டாமுன்னு சொல்லியிருந்தா டீச்சர் என்ன, தூக்கிட்டா போயிருப்பாங்க?"

பஸ் வந்தது. சங்கவி ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். வசந்தாமணி பஸ் கிளம்பும் வரை ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. கிளம்பிய பிறகு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நித்திலா அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சுந்தரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத் தெரியும்னு நெனச்சியா, தெரியாதுன்னு நெனச்சியா கோகிலா?" என்றார். அவருக்குத் தெரியுமா என்று நானே கேட்க நினைத்திருந்தேன்.

ஜூன் 17

கோயம்புத்தூர். மூளை நரம்பியல் டாக்டர். சுந்தரம் லீவு போட்டார். டாக்டர் கேட்பதற்கெல்லாம் தானே பதில் சொல்வதாக நித்திலா கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். நான் சொன்னால் பாதியை மறைத்துவிடுவேனாம்.

மோட்டார், குக்கர், கல்லுக்குழி ரோடு, வழிபாட்டில் நின்றது. கடைசியாகச் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. மோனிஷா சொல்லியிருக்கிறாள். இவர்கள் எல்லாரும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். பழைய அடிகளால் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், எடுத்தவுடன் சொல்ல முடியாது என்றார். எம்.ஆர்.ஐ.க்குத் தேதி கொடுத்திருக்கிறார். டியூப் லைட்டுக்குக் கண்ணாடி, தலைவலிக்கு மாத்திரை. நித்திலாவின் கபடி பற்றி அறிக்கை வந்த பிறகு மூவரும் உட்கார்ந்து பேசலாம் என்று சுந்தரம் சொல்லியிருக்கிறார். இதுவரை அந்தப் பேச்சு நான் சொல்லும் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும்.

நடுவில் டாக்டர் மூன்று சொற்கள் சொன்னார். மாங்காய், நாற்காலி, ரயில். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார். பிறகு கையைத் தூக்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

மாங்காய் என்றேன். நாற்காலி என்றேன். அவர் காத்திருந்தார்.

அவருக்குப் பின்னால் நின்ற நித்திலா சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டினாள். டாக்டர் திரும்பிப் பார்க்காமலேயே, "பாப்பா கொஞ்சம் வெளிய உக்காரும்மா" என்றார்.

மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போதுதான் வந்தது. "ரயில்" என்றேன். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று நித்திலாவிடம் கேட்டேன்.

"அடுத்த தடவ சொல்லலாம், வா" என்று சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.